கரைவலையில் வரும் மூங்கில் சுறா: நாம் விடும் தவறுகள்

திருகோணமலையின் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கரைவலை இழுத்து முடிந்ததும், வலையின் பையான மடியில் சூடைக்கும் நெத்தலிக்கும் நடுவே கை நீளத்தில் ஒரு மெலிந்த சுறா அசையாமல் கிடக்கும். மூக்கோரம் சின்ன மீசை, நீண்ட வால். அதுதான் மூங்கில் சுறா.

முதல் தவறு, அது செத்துவிட்டது என்று மணலில் எறிவது. எனக்கு மனம் பொறுக்காத தவறும் இதுதான். நீந்தாவிட்டால் சுறாவுக்கு மூச்சு நின்றுவிடும் என்பது பெரிய சுறாக்கள் சிலவற்றுக்குத்தான் சரி. இது பகலெல்லாம் கடலடியில் படுத்தே கிடந்து, வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியே தள்ளி மூச்சு விடும். தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் நெடுநேரம் தாங்கும். பக்கவாட்டில் உள்ள ஐந்து செவுள் வெடிப்புகளையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். மெல்லத் திறந்து மூடினால் உயிர் இருக்கிறது. வாலைப் பிடித்து வீசாதீர்கள், முதுகெலும்பில் அடிபடும். ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மற்றதை வாலடியிலும் கொடுத்துத் தூக்கி, முழங்கால் ஆழத்துக்குப் போய்த் தண்ணீருக்குள் வைத்தே விடுங்கள்.

கடிக்கும் என்று தடியால் அடிப்பவர்களும் உண்டு. நண்டு, இறால், புழு, சிறு மீன் தின்னும் சின்னப் பற்கள் அதற்கு. இறுக்கிப் பிடித்தால் நெளிந்து கவ்வப் பார்க்கும், அவ்வளவுதான். கடலுக்குள் முகமூடி போட்டு மீன் பார்க்கப் போகிறவர்களும், பவளத்துக்கு அடியில் படுத்திருப்பதைப் படத்துக்காகக் குத்தி எழுப்ப வேண்டாம். புறாத்தீவில் சுற்றிச் சுற்றி நீந்துவது கருமுனைச் சுறா, அது வேறு இனம்.

அப்புறம், ‘இது பெரிய சுறாவின் குட்டி’ என்ற நினைப்பு. நம் கடலில் உள்ள சாம்பல் மூங்கில் சுறா வளர்ந்தாலே 77 செ.மீ. அளவுதான், இன்னோர் இனமான மெல்லிய மூங்கில் சுறா 65 செ.மீ. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் இனத்தின் உடம்பில் கறுப்புப் பட்டைகள் இருக்கும், வளர வளர மங்கிவிடும். ஆகவே பட்டையில்லாமல் கை நீளத்தில் கிடப்பது பெரும்பாலும் முட்டையிடும் வயதுக்கு வந்ததுதான். இரண்டு இனமுமே அருகிவரும் உயிரினங்களைப் பதியும் உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ளவையாக இருக்கின்றன. சுறா வறைக்கு ஆகும் என்று வைத்துக்கொள்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

வலையில் பாசியோடு தோல்பை மாதிரி பழுப்பாக ஏதாவது வந்தால் குப்பையென்று உதறிவிடாதீர்கள். அது இந்தச் சுறாவின் முட்டையாக இருக்கலாம். குஞ்சு பொரிக்க மாதக்கணக்கு ஆகும். ஓரம் பிளந்திருந்தால் குஞ்சு போய்விட்டது. மூடியபடி கனமாக இருந்தால் காயவிடாமல் வள்ளத்தில் கொண்டுபோய்ப் பாறையோரம் இறக்கிவிடுங்கள்.