அஃபேசியாவுக்குப் பிறகு மறுபடி பேசத் துணிவது: டீக்கடையில் தொடங்கலாம்

பக்கவாதம் வந்த ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், கை கால் பயிற்சிக்கு ஆள் ஏற்பாடாகிவிடும். பேச்சை மட்டும் "போகப் போகத் தானா வந்துடும்" என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் வீட்டில் எல்லோரும் அவருக்குப் பதிலாகப் பேசிப் பழகிவிடுகிறார்கள். அவரும் வாய் திறப்பதைக் குறைத்துக்கொள்கிறார். வார்த்தைகளை மீட்க ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும், அதில் சமரசமே இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் பேசும் துணிச்சல் வீட்டிலும் தெருவிலும்தான் திரும்பி வரும். இந்தப் பதிவு அந்தத் துணிச்சலைப் பற்றியது.

பாதிக்கப்பட்டவர் உங்கள் அப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூளையில் மொழியைக் கையாளும் பகுதிகள் அடிபட்டால் வரும் பேச்சு, மொழிச் சிக்கல்தான் அஃபேசியா. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பகுதிகள் மூளையின் இடது பக்கத்தில் இருக்கின்றன, உடம்பின் வலது பக்கத்தை இயக்குவதும் அந்த இடது பக்கம்தான். அதனால்தான் வலது கை, வலது கால் பலவீனமும் பேச்சுச் சிக்கலும் அடிக்கடி சேர்ந்து வருகின்றன. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளியால் கிட்டத்தட்ட 'டான்' என்ற ஒரே ஒலியைத்தான் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் பேசியதோ அவருக்குப் பெருமளவு புரிந்தது.

சிலருக்கு நிலைமை இதற்கு நேர்மாறாக இருக்கும். பேச்சு சரளமாக வரும், ஆனால் சொற்கள் மாறிப்போய் அர்த்தம் பிடிபடாது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. இன்னும் சிலருக்குப் பொருள்களின் பெயர் மட்டும் நழுவும். உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்று தெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பயிற்சி அதைப் பொறுத்து மாறும். எந்த வகையானாலும் அறிவு எங்கும் போய்விடவில்லை. காது கேட்காமலும் போய்விடவில்லை. ஆகவே சத்தமாகப் பேசுவதால் ஒரு பயனும் இல்லை.

படி 1: 'ஆமா', 'இல்ல' இரண்டையும் உறுதிப்படுத்துங்கள்

அஃபேசியாவில் 'ஆமா' என்று நினைத்து 'இல்ல' என்று சொல்வது சகஜம். தலையசைப்பும் நம் ஊரில் நம்பிக்கையானது அல்ல. பக்கவாட்டில் ஆட்டினால் அது சரியா, மாட்டேனா என்று நல்ல உடம்புக்காரர்களிடமே நமக்குக் குழப்பம் வருகிறது. அதனால் கட்டைவிரல் மேலே என்றால் ஆமா, கீழே என்றால் இல்ல என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்த கேள்விகளால் சோதித்துப் பாருங்கள்: "இது உங்க கண்ணாடிதானே?" அதிலும் தடுமாற்றம் இருந்தால் ஒரு அட்டையில் பச்சை டிக், சிவப்புப் பெருக்கல் குறி வரைந்து தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

படி 2: வீட்டுக்காரர்கள் பேசும் விதத்தை மாற்றுங்கள்

டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், ஆனால் குழந்தையிடம் பேசும் தொனி வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தப் பத்துதான் கஷ்டம். மூன்று எண்ணுவதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார்.

அப்பா சொன்னது புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள், அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். "இன்னும் பிடிபடலப்பா, சாப்பாடு பத்தியா, ஆளைப் பத்தியா?" என்று விஷயத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். அர்த்தம் புரிந்துவிட்டால் உச்சரிப்பைத் திருத்த வேண்டாம்.

பார்க்க வரும் உறவினர்களுக்கு வாசலிலேயே ஒரு கட்டுப்பாடு: "நான் யாருன்னு தெரியுதா? என் பேர் சொல்லுங்க பார்ப்போம்" கூடவே கூடாது. பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பெயர் நினைவில் இருந்தும் வாயில் வராத ஒருவருக்கு அது எல்லார் முன்னாலும் நடக்கும் பரீட்சை.

படி 3: ஒரு கோடில்லாத நோட்டு, ஒரு தடித்த பேனா

எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். "மதியம் என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் வராமல் போகலாம். 'சாம்பார், ரசம், மோர், வேற' என்று பெரிதாக எழுதிக் காட்டினால் தொட்டுவிடுவார். 'வேற' என்பதை மறக்காதீர்கள், நீங்கள் எழுதாத ஒன்றையும் அவர் நினைத்திருக்கலாம். அவரும் இடது கையால் கிறுக்கலாம், வரையலாம்.

நோட்டின் பின்பக்கங்களில் குடும்பத்தினர் படங்களை ஒட்டி, அடியில் அவர் கூப்பிடும் முறையை எழுதுங்கள். தெரு, கோயில், மருந்துக்கடை, பழைய வேலையிடம், நண்பர்கள் எல்லாம் சேரட்டும். இணையத்தில் கிடைக்கும் பொம்மைப் படங்களைவிட உங்கள் போனில் எடுத்த படங்கள் மேல்.

படி 4: ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லாரிடமும் பேசணும்" என்று தொடங்கினால் எதுவும் நடக்காது. அவருக்கு ஆசையுள்ள ஓர் இடம் போதும். டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேவைப்படும் சொற்களை எழுதுங்கள்:

மாஸ்டர், ஒரு டீ.
சீனி வேணாம்.
எவ்வளவு?

இவ்வளவுதான். 'தேநீர்', 'சர்க்கரை' என்றெல்லாம் எழுதாதீர்கள். அவர் நோய்க்கு முன்னால் எப்படிப் பேசினாரோ அப்படியே இருக்க வேண்டும். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசியவரானால் கடைக்கான வரிகள் தமிழில், அம்மாவிடம் பேசுவதற்கானவை தெலுங்கில். எந்த மொழி முதலில் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வருகிற மொழியை வரவிடுங்கள்.

பயிற்சியை இப்படிச் செய்யுங்கள். முதலில் நீங்கள் ஒரு வரியைச் சொல்ல, அவர் உங்கள் வாயைப் பார்க்கட்டும். அடுத்து இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். வரி பழகப் பழக உங்கள் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அவரைத் தனியாகச் சொல்ல விடுங்கள். வரியை போனில் பதிவு செய்து கொடுத்தால் நீங்கள் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டே கூடச் சொல்வார். ஒரே மூச்சில் நீட்டாமல், தினமும் கொஞ்ச நேரம் பல தடவை செய்வது நல்லது.

வரிகள் பழகியதும் நீங்கள் மாஸ்டராகுங்கள். எதிர்பாராததைக் கேளுங்கள்: "ஸ்ட்ராங்கா?", "பார்சலா?", "பால் இப்பத்தான் வருது, இருக்கீங்களா?" கடையில் நிஜமாக நடப்பது இதுதான். இதைச் செய்யாமல் கூட்டிப் போனால், மாஸ்டரின் முதல் எதிர்க்கேள்வியிலேயே அப்பா நின்றுவிடுவார்.

கூட்டமில்லாத பிற்பகலில் போங்கள். மாஸ்டரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கட்டும்:

"பக்கவாதத்தால் எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். நீங்கள் சொல்வது எனக்குப் புரியும். கொஞ்சம் பொறுங்கள்."

புரிதலிலும் சிக்கல் உள்ளவரானால் நடு வரியை 'சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையை முதலில் காட்டுவதா, திணறினால் காட்டுவதா என்று அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை வாய் திறக்காதீர்கள்.

பணம் கொடுக்கும்போது எண்கள் குழம்பும். மனசில் பன்னிரண்டு இருக்க, வாயில் இருபது வரும். கியூஆர் கோடில் ஸ்கேன் செய்து பணம் போட்டால், கடையின் ஸ்பீக்கரே தொகையைச் சொல்லிவிடும். அவசரத்துக்கு வசதிதான். ஆனாலும் தொடக்கத்தில் நான் சில்லறையைத்தான் சொல்வேன், 'எவ்வளவு?' என்று ஒருவரிடம் கேட்கும் வாய்ப்பு அதில் கிடைக்கிறது.

படி 5: சொல் சிக்கிக்கொண்டால்

'குடை' வரவில்லை என்று வையுங்கள். அது எதற்கு, எப்போது, எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று சுற்றி வளைக்கப் பழக்குங்கள்: "மழை... மேல... விரிக்கிறது." பல நேரம் அந்தச் சுற்றலிலேயே சொல் வந்து விழும். வராவிட்டாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது, கடைக்காரர் குடையை எடுத்துக் கொடுப்பார். கையால் காட்டுவது, படம் வரைவது, போனில் படம் தேடுவது எல்லாமே பேச்சுதான். "முதல் எழுத்து சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு உதவுங்கள். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரு வேடிக்கை உண்டு. பேச முடியாதவர் மனப்பாடப் பாட்டைப் பாடுவார், ஒன்று இரண்டு எண்ணுவார், கோபம் வந்தால் கெட்ட வார்த்தை சுத்தமாக வரும். பழகிப்போன சொற்களும் மெட்டும் மூளையில் ஓரளவு வேறு வழியாக வருகின்றன என்பதுதான் காரணம். "அது வருதே, இது ஏன் வரல? நடிக்கிறாரா?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேபி கிஃபர்ட்ஸ் 2011-இல் தலையில் குண்டடி பட்டு அஃபேசியாவுக்கு ஆளானார், அவருடைய பயிற்சியில் பாட்டும் இருந்தது. பாடினாலே பேச்சு வந்துவிடாது, அதைத் தெரபிஸ்ட் முறைப்படி செய்ய வேண்டும். அப்பா தன் குரலைத் தானே கேட்கும் சந்தோஷத்துக்காக நீங்கள் அவரோடு தாராளமாகச் சேர்ந்து பாடலாம்.

படி 6: போன்

முகம் தெரியாததால் இது கடினம், அவசரப்பட வேண்டாம். முதலில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பட்டும். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம், எதிரில் யாரும் காத்திருப்பதில்லை. அப்புறம் பேரன் பேத்தியோடு வீடியோ கால். சாதாரண அழைப்பு கடைசியில்தான்.

நாள் சரியில்லாதபோது

களைப்பு, காய்ச்சல், தூக்கமின்மை இருந்தால் நேற்று வந்த சொல் இன்று வராது. அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிடுங்கள். பல வாரங்களாக எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கு வருகிறது, சிகிச்சையும் உண்டு. திடீரென்று பேச்சு மோசமானாலோ, வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

படி 7: கல்யாண வீடு

இதைச் சீக்கிரம் முயல வேண்டாம். போகும்போது ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி ஒரு மூலை பிடித்து, ஒருவர் ஒருவராக அவரிடம் வரச் சொல்லுங்கள். களைத்ததும் கிளம்ப ஒரு சைகை பேசி வையுங்கள். பந்திக்கு முன் 'போதும்' என்ற ஒரு சொல்லை நன்றாகப் பழக்கிக் கூட்டிப் போங்கள். அது வராவிட்டால் இலைக்கு மேல் இடது கையை நீட்டி மறிக்கட்டும், பரிமாறுகிறவருக்கு அதுவே புரியும்.