‘பண்டே உண்டு’ என்றால் மட்டும் போதாது: காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சல் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் ஒருநாள் செல்போனை நீட்டினார். ஆயிரங்கால் தூண்டில், அதாவது வரிசையாகக் கொக்கிகள் கோத்த நீளமான மீன்பிடிக் கயிற்றைக் கடலிலிருந்து இழுத்துச் சுற்றும் உருளைக்கு யாரோ காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். “சார், இது எங்க பட்டறையில பண்டே உண்டு. இத எப்படி இவங்க பேருக்கு எழுதி வாங்குவாங்க?” என்றார். கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபம் ஆறுவதற்கு முன் எழுத உட்கார்ந்தால் எங்கெல்லாம் சறுக்கும் என்பதை அந்த ஒரு விண்ணப்பத்திலேயே பார்த்துவிட்டேன்.

முதல் சறுக்கல், ‘நமக்கென்ன, இதெல்லாம் வக்கீல்கள் வேலை’ என்று ஒதுங்குவது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 25(1)இல், விண்ணப்பம் வெளியான பிறகு காப்புரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம் என்கிறது. காசநோய் மருந்தான பெடாகுயிலின் மீதான ஏகபோகத்தை நீட்டிக்க வந்த ஒரு விண்ணப்பத்தை 2019இல் எதிர்த்தவர்கள் இரண்டு பெண்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நம் பகுதிக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எதிர்ப்பை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், விசாரணை காணொலியில் நடக்கும். நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு: தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டுச் சண்டைக்குப் போவது. ‘கயிறு சுற்றும் கருவி’ என்று தலைப்பு இருந்தால், கயிறு சுற்றும் எல்லாக் கருவியையும் கேட்கிறார்கள் என்று அர்த்தமில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்கள், அதாவது கிளெய்ம்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. அண்ணன் காட்டிய விண்ணப்பத்தின் முதல் கிளெய்மைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். ஒரு உருளை, அதை ஓட்டும் மோட்டார், கயிற்றின் இழுவிசையை அளக்கும் சென்சார், இழுவிசை ஒரு அளவைத் தாண்டினால் மோட்டாரை மெதுவாக்கும் கட்டுப்பாடு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் அவர்கள் கேட்பது. அண்ணன் பட்டறை உருளையில் சென்சார் கிடையாது. படகு எஞ்சினிலிருந்து பெல்ட் போகும், அவ்வளவுதான்.

அப்புறம் அவரே சொன்னார்: “பெரிய மீன் இழுத்துச்சுன்னா கயிறு அறுந்திரக்கூடாதுன்னு ஒரு ஸ்பிரிங் வச்சிருக்கோம் சார். பாரம் கூடினா அது பெல்ட்டத் தளர்த்திவிடும்.” அதுதான் சாவி. நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரத்தில் கிளெய்மின் எல்லா அங்கமும் இருந்தால் ‘இது புதிதல்ல’ என்று வாதிடலாம். ஒன்றிரண்டு குறைந்தால் அந்த வாதம் நிற்காது. ‘ஏற்கெனவே இருந்ததிலிருந்து துறை தெரிந்த எவரும் எளிதில் எட்டிவிடக்கூடியது’ என்று வாதிட வேண்டும். பாரத்தை உணர்ந்து தளர்த்தும் யோசனை ஸ்பிரிங்கில் இருக்கிறது. அதே வேலைக்கு சென்சார் வைத்த பாரம் தூக்கும் இயந்திரங்களும் முன்பே இருக்கின்றன. இரண்டையும் சேர்ப்பதில் என்ன புதுமை? இப்படிக் கேட்டால் அதிகாரி பதில் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் கிளெய்மின் துண்டுகள், வலப்பக்கம் அதற்கு நம் ஆதாரம் என்று எழுதுங்கள். இடையில் கிளெய்மைத் திருத்தியிருக்கலாம். கடைசியாகத் தாக்கல் செய்ததை எடுத்துப் படியுங்கள்.

சரி, ஆதாரம் எங்கே? அண்ணன் வாட்ஸ்ஆப்பில் வந்த படங்களைக் காட்டினார். அவை பல கை மாறி வந்தவை, எடுத்த தேதி அவற்றில் இல்லை. தேதியில்லாத படம் இங்கே செல்லாக்காசு. எந்தத் தேதிக்கு முன்பு என்பதிலும் பலர் தவறுகிறார்கள். விண்ணப்பம் வெளியான தேதியைப் பார்க்கக்கூடாது, முன்னுரிமைத் தேதியை, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் முதன்முதலில் விண்ணப்பம் போட்ட தேதியைப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியே தெரியும். ஆகவே நம் கண்ணில் பட்ட நாளுக்கு ஒரு வருடம் முந்தைய பில் இருந்தாலும் அது பிந்தியதாகவே இருக்கக்கூடும்.

பிறகு பட்டறை அலமாரியின் அடியிலிருந்து கார்பன் வைத்து எழுதிய பில் புத்தகங்கள் வந்தன. ஓரம் எல்லாம் கிரீஸ் கறை. ஒரு தாளில் தேதி, படகின் பதிவு எண், ‘உருளை ஸ்பிரிங் மாற்றியது, பெல்ட் 1’ என்று நீல எழுத்து. முன்னுரிமைத் தேதிக்கு ஆறு வருடம் முந்தையது. அந்தத் தாளும், படகுக்காரர் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தரும் சாட்சியமும் சேர்ந்தால், இந்தியாவில் பொது வழக்கில் இருந்தது என்பதற்கு ஆதாரம் ஆகும். எந்திரவியல் கல்லூரிகளின் கண்காட்சி மலர், பழைய விலைப்பட்டியல், யூடியூபில் ஏற்றிய தேதியோடு இருக்கும் காணொலி எல்லாமே இப்படிப் பயன்படக்கூடியவைதான்.

மஞ்சள் கதையை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள், 1997இல் ரத்தானது. நம் பாட்டிகளுக்குத் தெரியும் என்று சொன்னதால் ரத்தாகவில்லை. வெளிநாட்டில் நடக்கும் வாய்வழிப் பழக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்காது. அச்சில் வந்த ஆதாரங்களைத் தேடியெடுத்து அறிவியல் தொழில் ஆய்வு மன்றம் முன்வைத்ததால்தான் முடிந்தது.

நம் நாட்டுச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். உள்ளூர் அல்லது பழங்குடிச் சமூகத்தில் வாய்மொழியாக இருக்கும் அறிவும் எதிர்ப்புக்கு ஆதாரமாகும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. வர்ம ஆசான்களும் பேச்சிப்பாறை மலைப்பகுதியின் காணி மக்களும் இருக்கும் மாவட்டத்தில் இதைவிட முக்கியமான வரி வேறில்லை. ஆனால் இங்கே ஒரு தவறை நினைத்தாலே எனக்குப் பதற்றமாக இருக்கும். எதிர்ப்பில் இணைக்கும் தாள் பொதுக் கோப்புக்குள் போய்விடும். ஆசான் பொத்திப் பாதுகாத்த ஓலைச்சுவடியை, அவரையோ அந்தச் சமூகத்தையோ கேட்காமல் முழுதாக ஸ்கேன் செய்து இணைத்துவிடாதீர்கள். ஒரு கிளெய்மை முறியடிக்க எது தேவையோ அந்த வரி போதும்.

இன்னொன்று, நியாயத்தை உரக்கச் சொன்னால் போதும் என்று நினைப்பது. ‘ஏழை மீனவர் வயிற்றில் அடிக்கிறார்கள்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் பிரிவு 25(1)இல் 11 காரணங்கள்தான் உண்டு. புதிதல்ல, எளிதில் எட்டக்கூடியது, சட்டப்படி கண்டுபிடிப்பே அல்ல, விவரம் போதவில்லை, நம்மிடமிருந்து எடுத்தது, உயிரியல் பொருளின் மூலத்தை மறைத்தது என்று போகும் பட்டியல் அது. அதற்குள் பொருந்தாத பக்கங்கள் வீண். ஐந்நூறு கையெழுத்து வாங்கி இணைத்தாலும் ஒரு பில் தாளின் எடைக்கு வராது. ஒரே எதிர்ப்பைப் பத்து பேர் பெயரில் போடுவதும் வேண்டாம். 2024 மார்ச்சில் திருத்திய விதிகளின்படி எதிர்ப்புக்குக் கட்டணம் உண்டு; அது ஏற்கத்தக்கதா என்பதையும் அதிகாரி முதலில் பார்ப்பார். விசாரணை வேண்டும் என்றால் எதிர்ப்புக்கான படிவம் 7ஏ தாக்கல் செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

இங்கே எதிர்த்து வென்றால் உலகம் முழுக்க அது செத்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு நம் ஆட்சேபத்தை மூன்றாம் நபர் கருத்தாக யாரும் கட்டணமின்றி அனுப்பலாம். அமெரிக்காவில் 2012 முதல் ஆவணங்களைச் சமர்ப்பிக்க வழி உண்டு, ஆனால் கெடு கறாரானது.

கடைசியாக, நேரம். விண்ணப்பம் வெளியாகி ஆறு மாதம் ஆகும்வரை காப்புரிமை வழங்க மாட்டார்கள். அந்த ஆறு மாதம் மட்டும்தான் உறுதி. அதற்குப் பிறகு எந்த நாளும் வழங்கலாம், நமக்குச் சொல்லிவிட்டு வழங்க மாட்டார்கள். விண்ணப்பங்கள் வெளியாகும் காப்புரிமை இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. உங்கள் தொழிலுக்கான சொற்களைப் போட்டு மாதம் ஒருமுறையாவது தேடுங்கள். வழங்கிய பிறகு எதிர்க்க ஒரு வருடம் உண்டு. ஆனால் அப்போது ‘யாரும்’ அல்ல, அதில் நேரடி அக்கறை உள்ளவர் மட்டுமே வர முடியும். அதையும் தவறவிட்டால் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டும். லேத் பட்டறை வருமானத்தில் அந்தச் செலவு தாங்காது.