கடலோரச் சமவெளிக்கு அடியில் பழைய டெல்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழ்துளை மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு குறுக்குவெட்டுப் படம் வரையத் தொடங்கும் புதியவர்களைப் பார்க்கும்போது, நான் முன்பு செய்த பிழைகள் ஒன்றுவிடாமல் திரும்ப நிகழ்வதைக் காண்கிறேன். மாதிரிப் பெட்டியில் மேல்முனை எது என்று குறிக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தாமாகச் சரியாகிவிடும்.

மணலோடு மணலைக் கோடு போட்டு இணைப்பது

ஒரு துளையில் 18 மீட்டரிலும் அடுத்ததில் 19 மீட்டரிலும் மணல் வந்தால், கை தானாக அளவுகோலைத் தேடும். நானும் அப்படித்தான் சுமார் இரண்டு கிலோமீட்டர் இடைவெளியிலிருந்த இரு துளைகளை ஒரே கோட்டால் இணைத்து, இடையில் நல்ல நீர்தாங்கி (நிலத்தடி நீரைத் தேக்கித் தரும் மணலடுக்கு) இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி நடுவில் இறக்கிய துளையில் கடைசிவரை களிமண்தான் வந்தது. செலவு முழுவதும் வீண். இன்றும் எரிச்சலூட்டுவது, விடை என் குறிப்பேட்டிலேயே இருந்தது என்பதுதான். முதல் துளையில் அடியில் வழவழப்பான சாம்பல்நிறக் களிமண், அதன்மேல் வண்டல், அதற்கும் மேல் சிப்பித் துண்டுகள் கலந்த மணல் என்று துகள்கள் மேல்நோக்கிப் பருத்துக்கொண்டே சென்றன. கடலுக்குள் முன்னேறிய டெல்டா முகப்பு அது. இரண்டாவதிலோ மணலின் அடி கத்தியால் வெட்டியதுபோல் களிமண்மேல் அமர்ந்திருந்தது, களிமண் உருண்டைகள் அதில் புதைந்திருந்தன, மேலே போகப்போக மணல் நுண்மையாகி வண்டலில் முடிந்தது. அது ஆறு அறுத்துப் பின்னர் தூர்ந்துபோன கால்வாய்.

ஆறு தடம் மாறும்போது டெல்டாவின் ஒரு மடல், அதாவது கடலுக்குள் நாக்குபோல் நீண்ட படிவப் பகுதி, கைவிடப்பட்டு, பக்கத்தில் வேறொன்று வளர்கிறது. மிசிசிப்பி கடந்த ஏறத்தாழ 7,000 ஆண்டுகளில் இப்படிப் பல மடல்களை உருவாக்கியுள்ளது. முகப்பு அடுக்குகள் கிடையாகப் படிவதில்லை, கடலை நோக்கிச் சரிந்து படிகின்றன என்பதை ஏரிக்கரை டெல்டாக்களைக் கொண்டு அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் 1885-லேயே விவரித்துவிட்டார். ஒரே வெள்ளத்தில் வந்தது முகத்துவாரத்தில் மணலாகவும், அப்பால் ஆழத்தில் களிமண்ணாகவும் கிடக்கும். ஆகவே ஆழத்தைப் பார்த்து இணைக்காமல், துகள் மாறும் வரிசையையும், மணலின் அடி கீழடுக்கைத் தொடும் விதத்தையும் பார்த்து இணைக்க வேண்டும்.

மரத்துண்டின் வயதை அடுக்கின் வயதாகக் கொள்வது

கரிமக் காலக்கணிப்பு அந்த மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, அது புதைந்த காலத்தைச் சொல்லாது. பழைய கரையை அறுத்து ஆறு கொண்டுவந்த கட்டை, அடுக்கைவிட ஆயிரம் ஆண்டுகள் மூத்ததாகவும் இருக்கலாம். உருட்டலைத் தாங்காத இலையும் விதையும் கிடைத்தால் அவற்றை அனுப்புவது நல்லது. கடற்சிப்பி என்றால், கடல்நீரில் தங்கிய பழைய கரிமத்தால் கூடுதலாகத் தெரியும் வயதை, பொதுவாகச் சுமார் 400 ஆண்டுகளை, அந்தக் கடற்பகுதிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

விறைத்த களிமண் வந்ததும் துளையை நிறுத்துவது

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, வெளிப்பட்ட தரை வெயிலில் காய்ந்து, துருநிறப் புள்ளிகளோடு இறுகியது. அந்த விறைத்த களிமண் இளைய டெல்டாவுக்குத்தான் அடித்தளம். அதற்குக் கீழே முந்தைய டெல்டா ஒன்று இருக்கலாம்.

ஆழத்தைத் தரையிலிருந்து அளந்தபடியே ஒப்பிடுவது

துளைக்குத் துளை தரையின் உயரம் மாறும்; ஆழத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடவும்.

கழுவல் மாதிரியில் வந்த சிப்பியை நம்புவது

துளையிடும் நீரோடு மேலே கழுவி வரும் துகள்களில் கிடைத்த சிப்பி, மேலடுக்கிலிருந்து சரிந்து விழுந்ததாக இருக்கலாம்.