உங்கள் கதையை இன்னொருத்தி சொல்லட்டும்: வீடியோவில் மாற்றாள் உருவாக்குவது எப்படி

வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மூன்று மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். அதை வீடியோவாக எடுக்க உட்கார்ந்தபோது "நான்" என்று ஆரம்பித்தாலே அழுகைதான் வந்தது. அப்புறம்தான் எனக்குப் பதிலாக என் கதையைச் சொல்லும் கற்பனைப் பெண், செல்வராணி பிறந்தாள்.

பெயரை முதலில் யோசிக்காதீர்கள். அந்த நாட்களில் உங்கள் கையிலேயே இருந்த ஒரு பொருளை எடுங்கள், எனக்கு அது டிபன் பாக்ஸ். அடுத்து நீங்கள் உடுத்தவே உடுத்தாத ஒரு உடை. நான் எப்போதும் சுடிதார். செல்வராணிக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவை. கட்டியதும் முதுகு நிமிர்ந்தது, குரலும் மாறியது. நடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

சம்பவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், உணர்ச்சியில் கை வைக்காதீர்கள். செல்வராணிக்கு வேலை போகவில்லை. வழியில் உள்ள ஸ்டேஷன்களை எண்ணுவதுதான் அவள் உத்தியோகம். தினமும் ஒன்று குறைகிறது, மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று நடுங்குகிறாள். அந்த நடுக்கம் என்னுடையது. அமெரிக்கக் கலைஞர் ஷானா மோல்டன் 2002 முதல் எடுத்துவரும் 'விஸ்பரிங் பைன்ஸ்' வீடியோக்களில், உடம்பைப் பற்றி ஓயாமல் கவலைப்படும் சிந்தியா என்ற கற்பனைப் பெண்ணாக அவரே வருகிறார். தலைப்பு மட்டும் அவர் வளர்ந்த இடத்தின் நிஜப் பெயர். அப்படி ஒரு நிஜத்தை நீங்களும் விட்டு வையுங்கள்.

ரயிலில் ட்ரைபாட் வைத்து எடுக்க அனுமதி வாங்க வேண்டும். நான் வீட்டு ஜன்னல் கம்பியோரம் நாற்காலி போட்டு, முடி பறக்கிற தூரத்தில் டேபிள் ஃபேனை வைத்து, ரயில் சத்தத்தை மட்டும் போனில் பதிவு செய்து சேர்த்தேன். ஜோடனை என்று பார்த்ததும் தெரியும், தெரியட்டும்.

பேச்சு தடுமாறினால் கேமராவை நிறுத்தாதீர்கள். மாம்பலம், சைதாப்பேட்டை என்று எண்ணிக்கொண்டே வந்தவள் கிண்டியில் சட்டென்று பேச்சு வராமல் நின்ற பதினைந்து விநாடியை நான் வெட்டவே இல்லை, அங்கே உட்கார்ந்திருந்தது செல்வராணி இல்லை.

வெளியே போடுவதற்கு முன், கதையில் மறைந்திருப்பவரிடம் காட்டுங்கள். அம்மா முழுவதும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணு மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிட்டா?"

பீச் ஸ்டேஷன் பெஞ்சில் என்றேன்.