சீலிங்கில் மூசாங்: அடைப்பதற்கு முன் குட்டி இருக்கிறதா பாருங்கள்

இரவு 7.30 மணிவாக்கில் சீலிங்கில் யாரோ நடப்பதுபோல 'தொம் தொம்' என்கிறது. பிறகு வீடே அமைதியாகிவிடுகிறது. விடிவதற்கு முன் மறுபடியும் அதே சத்தம். இது எலி அல்ல. எலி சரசரவென்று ஓடும், இரவு முழுக்கப் பிறாண்டும். 2 முதல் 5 கிலோ வரை எடையுள்ள மூசாங், அதாவது மரநாய், இருட்டியதும் இரைதேடக் கிளம்பி, விடியும்முன் படுக்கத் திரும்பும். பினாங்கில் பாலிக் புலாவ், ஆயர் ஈத்தாம், தண்ணீர்மலை என்று மலையும் பழமரமும் ஒட்டிய பக்கம் மட்டுமல்ல, டெரஸ் வீட்டு வரிசைகளிலும் இது குடியேறும். பின்கட்டில் ஒரு பப்பாளி மரமும் மூடாத குப்பைத்தொட்டியும் அதற்குப் போதும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்ட சமமான கறுப்பு வால், முதுகில் மங்கலான மூன்று கோடுகள், ஈரத் தரையில் ஐந்து விரல் தடம் இருந்தால் அது மூசாங்தான். சில வீடுகளில் பண்டான் இலை வாசனையும் அடிக்கும். அது சுரப்பியின் வாசனை. மழைநீர்த் தகரத்தில் பழவிதை அப்படியே பளபளவென்று கிடக்கும் எச்சத்தைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

மங்கலான சிசிடிவி படத்தைப் பார்த்து இதை 'ரக்கூன் நாய்' என்று நினைத்துவிட வேண்டாம். பெயர்கள் செய்யும் குழப்பம் இது. மரநாய் நாயே இல்லை, புனுகுப்பூனைக் குடும்பம். ரக்கூன் நாய் ரக்கூனே இல்லை, நாய்க் குடும்பம். அதன் வால் குட்டை, தடத்தில் நான்கு விரல்தான் பதியும். சீனா, கொரியா, ஜப்பான், ரஷ்யாவின் தூரகிழக்கு, வடவியட்நாம் அதன் சொந்த இடம். மலேசியக் காட்டில் அது இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பகலில் வீட்டைச் சுற்றி வந்து கூரை ஓரத்தைப் பாருங்கள். விலகிய ஓடு, உளுத்த ஓரப்பலகை, குழாய் நுழையும் இடைவெளி என்று உள்ளங்கை அகலம் இருந்தாலே அது நுழைந்துவிடும். ரோமம் உரசி உரசி எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருக்கும் விளிம்புதான் வாசல். எல்லாத் துளையிலும் நாளிதழைக் கசக்கி லேசாகச் செருகி மூன்று இரவு விடுங்கள். தள்ளிவிடப்பட்ட தாளே எது வாசல் என்று சொல்லிவிடும்.

அடுத்தது குட்டி. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கர்ப்பம் சுமார் இரண்டு மாதம், ஒரு ஈற்றில் 2 முதல் 5 குட்டிகள், தாயைப் பிரியச் சுமார் மூன்று மாதம். பகலில் மெல்லிய கீச்சுக்குரல் கேட்டால் எதையும் அடைக்காதீர்கள். தாயை வெளியே விட்டு அடைத்தால் அது ஓட்டைப் பெயர்த்தாவது உள்ளே வரப் பார்க்கும். முடியாவிட்டால் குட்டிகள் செத்து, சீலிங் அட்டையில் ஈரக்கறை படிந்து, புழு கீழே விழும். அந்த நாற்றம் வாரக்கணக்கில் போகாது. குட்டிகள் தாயோடு வெளியே போகத் தொடங்கும்வரை பொறுப்பதே மலிவான வழி. அவசரம் என்றால் சீலிங்குக்குள் விளக்கும் வானொலியும் இரவு பகலாக ஓடட்டும். சில தாய்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறிவிடும். அந்துருண்டை வேண்டாம். மூசாங் மூலை மாறிப் படுக்கும், நெடி உங்கள் படுக்கையறைக்குத்தான் இறங்கும்.

குட்டி இல்லை என்று உறுதியானதும் வாசலைத் தவிர மற்றத் துளைகளை எல்லாம் அடையுங்கள். 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள துத்தநாகப் பூச்சுக் கம்பிவலை வாங்குங்கள். கோழி வலையை அது பிய்த்துவிடும், துளையடைக்கும் நுரை மட்டும் அடித்தால் எலியே குடைந்துவிடும். துளையைவிடச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு திருகு, வாஷரோடு முடுக்குங்கள். வாசலில் அதே வலையைக் கதவுபோல மேலே மட்டும் கீல் வைத்து, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும்படி தொங்கவிடுங்கள். உள்ளிருந்து தள்ளிக்கொண்டு போகும், வெளியிலிருந்து இழுக்க வராது. அடிவிளிம்பு துளைக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிடும். ஐந்து இரவு சத்தமே இல்லையென்றால் நிரந்தரமாக அடைக்கலாம். கூரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும் கிளைகளையும் அன்றே வெட்டிவிடுங்கள்.

பொறி வைப்பதும் எலி மருந்து வைப்பதும் வேண்டாம். மலேசியாவின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். பிடிக்கத்தான் வேண்டும் என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள்.

கழிவைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூச்சில் போகும். என்95 முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டு, மூத்திரம் ஊறிய இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். பிறகுதான் ஒரு பங்கு குளோராக்ஸ் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். நேரே மூத்திரத்தின்மேல் ஊற்றினால் கண் எரியும் வாயு கிளம்பும். சீலிங்குக்குள் கால் வைப்பது மரச்சட்டத்தின்மேல் மட்டும். அட்டையில் வைத்தால் வரவேற்பறையில் இறங்குவீர்கள். பழைய வீட்டில் அஸ்பெஸ்டாஸ் சீலிங் என்றால் துளைக்கவோ அறுக்கவோ கூடாது.

2003இல் ஷென்ஜென் உயிர் விலங்குச் சந்தையில் சார்ஸ் போன்ற வைரஸ் கண்டது முகமூடி மரநாயிலும் ரக்கூன் நாயிலும். பலவகை விலங்குகளைக் கூண்டுக்குமேல் கூண்டாக நெருக்கிவைத்த இடம் அது. உங்கள் சீலிங்கில் அதைவிடக் கவனிக்க வேண்டியது கடியும் கழிவும். 2015இல் பினாங்கிலேயே நாய்களிடம் வெறிநோய் வந்தது. அதனால் மூசாங் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பகலில் தள்ளாடி நடக்கும், ஆளைக் கண்டு ஓடாத மூசாங்கிடம் நெருங்காதீர்கள். அதற்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம், அது வீட்டு நாய்க்கும் தொற்றும். நாய், பூனை தடுப்பூசிப் புத்தகத்தில் தேதி தாண்டிவிட்டதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.