பெங்களூருவில் வாடகைக்கு விட வீடு வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

80 லட்சத்துக்கு ஃபிளாட், மாதம் 25,000 வாடகை, வருடத்துக்கு 3 லட்சம், ஆக 3.75 சதவீதம் என்று புரோக்கர் கணக்குப் போட்டுக் காட்டுவார். அதை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 ஆனது. முத்திரைக் கட்டணத்தோடு சேர்த்தால் சுமார் 7.6 சதவீதம், அதாவது 6 லட்சம். ஆக நீங்கள் போடும் பணம் 86 லட்சம். வரவில், ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 25,000 போச்சு. பராமரிப்பு மாதம் 3,500 வாடகைக்குள் அடக்கம் என்றால் 42,000. பெயின்ட், ரிப்பேருக்கு 20,000, சொத்து வரிக்கு 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 2,03,000, 2.4 சதவீதம்கூட இல்லை. 64 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 55,000-ஐத் தாண்டும். வாடகை அதில் பாதிகூட வராது. விலை ஏறும் என்று வாங்குகிறவர் வாங்கலாம், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று எண்ணி இறங்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் காத்தாவைப் பட்டா போல நினைத்துவிடுகிறார்கள். காத்தா என்பது சொத்து வரிக்கான பதிவு மட்டுமே, உரிமையை நிரூபிக்காது. விலை குறைவு என்று, அங்கீகாரத்தில் குறை உள்ள சொத்துகளுக்குத் தரும் ‘பி’ காத்தா வீட்டை எடுத்தால் பல வங்கிகள் கடன் தராது. நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே சிக்கல். வில்லங்கச் சான்றைக் கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் எடுக்கலாம். ஆனால் பல பத்திரங்கள் கன்னடத்தில் இருக்கும், அதைப் படித்துச் சொல்லும் உள்ளூர் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் கூடாது. கட்டி முடித்த கட்டடத்தில் குடியிருக்கலாம் என்று தரப்படும் குடியேற்றச் சான்று (ஓ.சி.) இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்தச் சான்று இல்லாத ஃபிளாட்டின் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீரை ஏப்ரலில் போய்ப் பாருங்கள். 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கரையே நம்பிக் கிடந்த குடியிருப்புகள் ஏராளம். குடிவருபவர் முதலில் கேட்பதே “காவிரித் தண்ணி வருதா?” என்றுதான்.

ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் போடுவது வழக்கம், ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு கட்டாயம். காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் அட்வான்ஸால்தான். பெயின்டுக்காக ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பழக்கம். பிடிப்பதாக இருந்தால் அதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அட்வான்ஸ் தொகையைச் செலவழிக்காமல் வங்கியில் டெபாசிட்டாக வையுங்கள், இல்லாவிட்டால், ஆறு மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கியிருந்தால், காலி செய்யும் நாளில் ஒன்றரை லட்சத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் மின் மீட்டர் எண்ணிக்கையைப் போட்டோ எடுங்கள். பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) பாக்கி ஆளோடு போகாது, அந்த வீட்டின் மின் இணைப்பு எண்ணான ஆர்.ஆர். நம்பரிலேயே நிற்கும். இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். 200 யூனிட் வரை மின்சாரம் இலவசமாகத் தரும் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் பழைய குடித்தனக்காரரின் ஆதார் அந்த நம்பரோடு இணைந்திருக்கும். அவர் அதை நீக்காமல் போனால் அடுத்து வருபவருக்குச் சலுகை கிடைப்பதில் இழுபறிதான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் என்றால், வாடகை எவ்வளவாக இருந்தாலும் குடித்தனக்காரர் பொதுவாக 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் பின்வாங்குகிறவர்கள் உண்டு, அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாடகையை ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் 5 சதவீதத்துக்குப் பதில் 10 கேட்டால் வருடத்துக்குக் கூடுதலாக வருவது 15,000. அதற்காக அவர் காலி செய்து ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 25,000 போகும், பெயின்ட் செலவு தனி.