டிக்கெட்டில் 00:40 என்றிருந்தால்

பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், பெட்டியை எடை போட்டுப் பாருங்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எனக்கு எரிச்சல் தருவது வேறு. முதல்முறை பறக்கிறவர்கள் வருஷம் தவறாமல் இதையேதான் செய்கிறார்கள்.

கழித்துப் பார்ப்பது

புறப்படும் நேரம் நம்மூர் மணி, இறங்கும் நேரம் அந்த ஊர் மணி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ., நாலு மணி நேரச் சொச்சம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் டிக்கெட்டில் இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் போக ஆறரை மணி நேரத்துக்கு மேல், திரும்ப இரண்டுக்கும் குறைவு. “வர்றப்ப வேகமான பிளேனா சார்?” என்று கேட்டவர் உண்டு.

நள்ளிரவுத் தேதி

15-ஆம் தேதி 00:40 என்றால் 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் 15 ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். ஏன் என்பதும் தெரிகிறது. பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. வீட்டிலும் “திங்கட்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு” என்றுதான் பேசுகிறோம். விமானக் கம்பெனிக்கு அது செவ்வாய்.

மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பேத்தியைப் பார்க்கத் தாத்தாவும் பாட்டியும் கிளம்ப, வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். நல்ல நேரமெல்லாம் பார்த்தாயிற்று. பாட்டி மடியில் பருப்புப்பொடி டப்பா. வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “ஐயா, இது நேத்து ராத்திரியே போயிருச்சே” என்றார். டிக்கெட் போட்டது சிங்கப்பூரில் இருக்கும் மகன். போன் வந்தது எனக்கு!

அப்புறம் என்ன செய்ய? விமானம் கிளம்பிய பிறகு திரும்பி வருவது பெரும்பாலும் வரி, நிலையக் கட்டணம் என்று கொஞ்சம்தான். போக வர ஒரே டிக்கெட் என்றால் கொடுமை இன்னும் கூடுதல்: போகும்போது ஏறாதவரின் திரும்பும் பயணத்தையும் பெரும்பாலான கம்பெனிகள் ரத்து செய்துவிடும்.

இரவு 12-லிருந்து விடிகாலை 4-க்குள் விமானமா? தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளில் எழுதி வையுங்கள். டிக்கெட் தேதித் தாளில் எதுவும் எழுதாதீர்கள்.

விலையை மட்டும் பார்ப்பது

சென்னை–லண்டன் நேராக 8,200 கி.மீ. மலிவென்று திருச்சி–சிங்கப்பூர்–லண்டன் போட்டால், கிழக்கே 3,000 போய், அங்கிருந்து மேற்கே 10,900. நடுவில் காத்திருப்பு தனி. இளவட்டம் தாங்கும். முட்டிவலிக்காரரை இப்படி அனுப்பாதீர்கள்.

வேன்

கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு இரண்டரை மணி நேரம் என்பார் டிரைவர். முகூர்த்த நாளில் நாலு என்று வையுங்கள்.